ஏழாம் பிரிவின் மூக்கு

எல்லை வரையறை அலுவலகத்தில் புதிதாய்ச் சேருகிறவர்களிடம், "போய்க் கோட்டுக்காரரைப் பாரு" என்று சொல்லி அனுப்புவார்கள். அவர்களும் கோட்டும் சூட்டும் போட்ட ஒருவரைத் தேடிக்கொண்டு மாடி முழுக்க அலைவார்கள். கடைசியில் அகப்படுகிறவர் அரைக்கைச் சட்டையும், காதில் சொருகிய பென்சிலுமாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கோடு போடுகிறவர், அதனால் கோட்டுக்காரர். அவ்வளவுதான் சங்கதி. சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் கூப்பிடுவார்கள்.

அலுவலகம் கட்டில் பீரோ விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே இரும்பைத் தட்டுகிற சத்தம், மேலே ஊரைத் துண்டு போடுகிற வேலை. ஊர் பெருக்கப் பெருக்க ஒன்றை இரண்டாக்குவதும், இரண்டை ஐந்தாக்குவதும், பிறகு எவனோ ஒருவன் கத்தினான் என்று ஐந்தை நாலாக்குவதும்தான் அவர்கள் பிழைப்பு. எந்தத் தெரு எந்தத் துண்டில் விழும் என்று வரைபடத்தில் முதல் கோட்டைப் போடுவது கோட்டுக்காரர். அவர் போட்ட பிறகுதான் மற்றவர்கள் சண்டை போடுவார்கள்.

அந்தத் துண்டுகளுக்கு என்ன பெயர் என்பதில் நடந்த கூத்து தனி. ஆட்சி மாறினால் இந்த ஊரில் சாலை மாறாது, சாக்கடை மாறாது, சொல் மாறிவிடும். முதலில் வட்டாரம் என்றார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அது பட்டிக்காட்டுச் சொல்லாகத் தெரிந்தது, கோட்டம் என்று மாற்றினார்கள். ஓர் உறுப்பினர் எழுந்து, "கோட்டம்னா கோணல்னு அர்த்தம், அப்போ என் மக்கள் எல்லாம் கோணலா?" என்று மேசையைத் தட்டினார். சரி, மண்டலம். அது வாய்க்குப் பெரிதாகவும் இடத்துக்குச் சிறிதாகவும் இருந்தது. கடைசியில் பிரிவு என்று முடிவு செய்தார்கள். யாரையும் நோகடிக்காத சொல் என்று அதற்கு ஒரு குழு கூடி, தேநீர் குடித்து, சான்றிதழ் வேறு கொடுத்தது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் சாயங்காலம் ஆளிருக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களாய்த்தான் இருக்க வேண்டும்.

தெருப் பெயர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஊரிலேயே பழைய தெருவுக்குப் பெயர் புதுத்தெரு. மழை பெய்தால் முதலில் முங்குவது மேட்டுத்தெரு. நடுத்தெரு ஊரின் கடைக்கோடியில் கிடந்தது. பெயரை நம்பி வழி தேடினவன் எவனும் உருப்பட்டதில்லை. அதனால் பிரிவுகளுக்குப் பெயர் வைக்கிற வம்பே வேண்டாம் என்று ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிட்டார்கள்.

அலுவலகத்தில் கோட்டுக்காரரோடு கொஞ்சமாவது ஒட்டி உறவாடியவர் சர்வேயர்தான். வயதில் இளையவர், வாய் ஓயாதவர், நாள் முழுக்க வெயிலில் தெருத் தெருவாய் அளந்துவிட்டு வந்து மத்தியானம் கதை சொல்லுவார். ஒரு நாள் வீடு வீடாய்ப் போய் விவரம் கேட்டதைச் சொன்னார்.

"ஒரு வீட்ல கதவைத் தட்டினேண்ணே. ஒரு அம்மா வந்தாங்க. 'உங்க பிரிவு எதும்மா'ன்னு கேட்டேன். அந்தம்மா அப்படியே கதவைப் புடிச்சுக்கிட்டு, 'அவர் போயி ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி'ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. நான் எண்ணைக் கேக்கறேன், அவங்க மனுஷனைச் சொல்றாங்க!"

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே கூராய் இருந்த பென்சிலை.

அவருடைய வீட்டில் அந்தச் சொல்லை இதுவரை யாரும் சொன்னதில்லை. மனைவி அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள், அவ்வளவுதான். உறவுக்காரர்கள் விசாரித்தால் அவரும் அதைத்தான் சொன்னார், அவளும் அதைத்தான் சொன்னாள். அக்காவின் கணவர் இறந்துபோன பிறகு துணைக்கென்று போனவள். துணைக்குப் போகிறவர்கள் இரண்டு பெட்டியும் தையல் இயந்திரமும் எடுத்துக்கொண்டு போவார்களா என்று யாரும் கேட்கவில்லை, கேட்கிற அளவுக்கு யாருக்கும் துணிச்சல் இல்லை.

சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் கூடத் தேவலை. ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகு அந்த வீட்டில் பேச்சே அற்றுப்போனது. அவருக்குச் சுபாவமே அப்படி. மனதில் ஆயிரம் ஓடும், வாயில் வருவது ஒரு 'ம்'. மகள் இருந்தவரை இரண்டு பேருக்கும் நடுவில் அவள் ஓடி ஓடிப் பேசினாள். அவள் போனதும் மனைவி தனியாகப் பேசிப் பார்த்தாள், கேள்வி கேட்டுப் பார்த்தாள், கோபித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு நாள் காலை சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள்.

"அக்கா தனியா இருக்கா. கொஞ்ச நாள் போய் இருக்கலாம்னு பாக்கறேன்."

"ம்."

"போகட்டுமா?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம் இருக்கட்டும். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

அவர் செய்தித்தாளை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். மனுஷன் அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமோ? திறக்கவில்லை. அவள் போகக்கூடாது என்று அவர் உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். உள்ளுக்குள் கதறுவதை வெளியே இருக்கிறவள் எப்படிக் கேட்பாள்? அவள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனாள். தையல் இயந்திரத்தை எடுக்க மறுநாள் ஒரு வண்டி வந்தது. அதை ஏற்றுவதற்கு அவரே ஒரு கை பிடித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு அறை வீட்டில் அவர் ஒற்றை ஆளாய் இருந்தார். சமைத்ததை அடுப்படியிலேயே நின்றபடி தின்பார், கழுவ ஒரு பாத்திரம் குறையும் என்று. துணி அலமாரியில் அவள் பக்கத்தைக் காலியாகவே விட்டிருந்தார். குழாயில் தண்ணீர் சொட்டினால் உடனே எழுந்துபோய் மூட மாட்டார், ஏதோ ஒரு சத்தம் இருக்கட்டும் என்று விட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் கூப்பிடுவாள். "அப்பா, சாப்டீங்களா? அம்மாவைப் பாத்தீங்களா?" என்பாள். "பாத்தேன், நல்லா இருக்கா" என்பார். அந்த ஒரு பதிலைச் சொல்ல அவருக்கு ஒரு வழி இருந்தது.

அது ஏழாம் பிரிவின் மருத்துவ நிலையம். இரண்டு பேருக்கும் ரத்தக் கொதிப்பு. அவரவர் இருக்கிற பிரிவின் நிலையத்தில்தான் மாத்திரை கொடுப்பார்கள். அவர் வீடு கால்வாய்க்குத் தெற்கே, அக்கா வீடு கால்வாய்க்கு வடக்கே தண்ணீர்த் தொட்டித் தெருவில். இரண்டும் ஏழாம் பிரிவு. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேரும் அதே நீள பெஞ்சில், கையில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் வருகிறவர் பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்து வைப்பதும், மற்றவர் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வதும் பேச்சில்லாமலே வழக்கமாகியிருந்தது.

"எவ்வளவு?" என்று அவர் கேட்பார்.

"நூத்தி நாப்பது. உங்களுக்கு?"

"நூத்தம்பத்தஞ்சு."

"உப்பைக் குறைங்க."

"ம்."

இதுதான் அவர்களுடைய குடித்தனம். இதற்காக அவர் முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைப்பார். அந்தக் காலை நேரத்தில் அவருக்குக் கொதிப்பு ஏறியிருப்பதற்குக் காரணம் உப்பு இல்லை என்று அந்த நர்சுக்கு எங்கே தெரியப்போகிறது.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஏழாம் பிரிவில் ஆட்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டார்கள், ஒரு பகுதியை வெட்டிப் பக்கத்திலுள்ள பன்னிரண்டோடு சேர்க்க வேண்டும். கூடியமட்டும் ஆறு, கால்வாய், தண்டவாளம் என்று கண்ணுக்குத் தெரிகிற எல்லையாக இருக்க வேண்டும். ஆணையர் வரைபடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "கால்வாயே இருக்கே, அப்புறம் என்ன? கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்று கோட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கீழே பீரோக் கதவைத் தட்டி நேராக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கோட்டுக்காரர் கால்வாயை ஒட்டிப் பென்சிலை இழுத்துக்கொண்டே போனார். பாதி வழியில் கை நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டித் தெரு கிடந்தது.

கோடு அப்படியே போனால் அவள் பன்னிரண்டு. மாத்திரை அங்கே. பெஞ்சு அங்கே. மாதத்துக்கு ஒரு தடவை அவளைப் பார்க்க அவரிடம் இருந்த ஒரே சாக்கு போய்விடும். அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லுகிற ஆளா அவர்? ஊர் இரண்டாய்ப் பிளந்தாலும் அது அவரால் ஆகாது. அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

ரப்பரை எடுத்து அழித்தார். பிறகு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தார். கோட்டைக் கால்வாய்க்கு மேலே தாண்டவிட்டு, தண்ணீர்த் தொட்டித் தெருவை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பக் கால்வாய்க்குக் கொண்டுவந்தார். அந்தத் தெரு முனையில் பன்னிரண்டில் சேரப்போகும் வடக்குப் பக்கத்துக்கென்று புதிதாய்க் கட்டி முடித்த மருத்துவ நிலையம் சிவப்புக் கூட்டல் குறியாய் இருந்தது. பார்த்தார். பார்த்துவிட்டு அதை வெளியே விட்டு வளைத்தார்.

சாப்பிட்டுவிட்டு வந்த சர்வேயர் குனிந்து பார்த்தார்.

"என்னண்ணே இது, ஏழுக்கு மூக்கு முளைச்சிருக்கு?"

"அந்தத் தெருவுக்கு இந்தப் பக்கம் பழைய தொடர்பு இருக்கு."

"யாருக்கு?"

"மக்களுக்கு."

"மொத்தமே இருவது வீடு. அதுலயும் பாதி பூட்டிக் கிடக்கு." சர்வேயர் அவர் முகத்தைப் பார்த்தார். அண்ணி எங்கே இருக்கிறாள் என்பது அவருக்கு அரைகுறையாகத் தெரியும். வாய் ஓயாத மனுஷன் அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனாலும் மூக்கு என்ற பெயர் அலுவலகத்தில் நிலைத்துவிட்டது.

அந்த மாதச் செவ்வாய்க்கிழமை கோட்டுக்காரர் இருப்புக்கொள்ளாமல் இருந்தார். பெஞ்சில் அவளுக்காகப் பையை வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெதுவாய் வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"புதுசா எல்லை போடறாங்க" என்றார். அவராகப் பேச்சை ஆரம்பித்தது அவருக்கே ஆச்சரியமாய் இருந்தது.

"கேள்விப்பட்டேன். எங்க தெரு எதுல வருது?"

"ஏழுலதான்."

"கால்வாய்க்கு வடக்க இருக்கறது எல்லாம் பன்னெண்டுக்குப் போகுதுன்னு சொன்னாங்களே?"

"உங்க தெரு மட்டும் ஏழு."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "ஏன்?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து நர்சு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள். அவருடைய எண்தான். சிறையிலிருந்து விடுதலை கிடைத்த மாதிரி எழுந்து போனார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. யாருக்கு ஆட்சேபணை இருந்தாலும் நேரில் வந்து சொல்லலாம், ஆணையர் அங்கேயே முடிவு சொல்லிவிடுவார். மேடையில் ஆணையர், அவருக்கு இடப்பக்கம் சர்வேயர், வலப்பக்கம் கணினியோடு கோட்டுக்காரர். பின்னால் திரையில் வரைபடம் பெரிதாய்த் தெரிந்தது. கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜனம். ஒலிபெருக்கி அவ்வப்போது வீறிட்டது, ஒவ்வொரு தடவையும் ஆணையர் அதை முறைத்தார்.

வந்தவர்கள் எல்லாம் வழக்கமான ஆட்கள்தான். ஒருவருக்குத் தன் கடை ஒரு பிரிவிலும் கடை வாசல் இன்னொரு பிரிவிலும் விழுந்துவிட்டதாம். இன்னொருவர் எண் பதின்மூன்று ராசியில்லை, மாற்றுங்கள் என்றார். ஆணையர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அடுத்து வந்தது அவருடைய மனைவி.

அவள் வரிசையில் நின்றதை அவர் பார்த்திருக்கவில்லை. ஒலிவாங்கியின் முன்னால் நிற்கும்போதுதான் பார்த்தார். ஆணையருக்கு அவள் யாரென்று தெரியாது.

"சொல்லுங்கம்மா. எந்தப் பிரிவு?"

"இப்ப ஏழுங்க. எனக்குப் பன்னெண்டு வேணும்."

"காரணம்?"

"நான் தண்ணித் தொட்டித் தெரு. அக்காவும் நானும் இருக்கோம். அக்காவால நடக்க முடியாது, எனக்கும் முட்டி வலி. தெரு முனையிலயே புது ஆஸ்பத்திரி கட்டியிருக்காங்க, அது பன்னெண்டாம் பிரிவுக்காம். எங்களை ஏழுல போட்டதால கால்வாயைச் சுத்திப் பாலம் வரைக்கும் போயி அந்தப் பக்கம் இருக்கற பழைய ஆஸ்பத்திரிக்குப் போகணும். சுத்தி இருக்கற தெரு எல்லாம் பன்னெண்டு, எங்க தெரு மட்டும் ஏழு. ஏழுக்கு அங்க என்னங்க வேலை? தேவையில்லாத இடத்துல மூக்கை நுழைச்ச மாதிரி இல்ல?"

மண்டபம் சிரித்தது. சர்வேயர் மட்டும் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணையர் திரும்பித் திரையைப் பார்த்தார்.

"ஆமா, என்னய்யா இது? நான் கால்வாயோட போகச் சொன்னேனே. ஏன் இப்படிப் போட்டீங்க? ஏதாவது காரணம் இருக்கா?"

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன்" என்றாள் அவள். குரல் மாறியிருந்தது, ஆணையரிடம் பேசுகிற குரல் இல்லை அது. "போட்டவர் காரணம் சொல்லட்டுங்க. நியாயமான காரணமா இருந்தா நான் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கறேன். பாலத்தைச் சுத்தி நடக்கறேன். அக்காவை வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போறேன். காரணம் மட்டும் சொல்லட்டும்."

ஆணையர் ஒலிவாங்கியைக் கோட்டுக்காரர் பக்கம் தள்ளினார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அவளை மட்டும் பார்த்தார். அவள் முந்தானையின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். செய்தித்தாளை மடித்த அந்தக் காலையில் நின்ற அதே நிற்பு. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை, நாலு வார்த்தை போதும். நாலு வார்த்தையும் தொண்டை வரைக்கும் வந்தன. ஆணையர் இருந்தார், ஜனம் இருந்தது, ஒலிவாங்கி இருந்தது. வேலை போனாலும் போகலாம், மானம் போவது நிச்சயம். இதையெல்லாம் ஒரு தட்டில் வைத்து அவளை இன்னொரு தட்டில் வைக்க வேண்டிய நேரம் அது. அவர் எதையும் எடை போடவில்லை. பழக்கம் முந்திக்கொண்டது.

"வரைவுல ஏற்பட்ட பிழைங்க" என்றார்.

ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவள் தலையை ஆட்டினாள். கையில் சுற்றியிருந்த முந்தானையைப் பிரித்து நீவிவிட்டாள். "சரிங்க. பிழைன்னா திருத்திடுங்க" என்றாள்.

"இப்பவே திருத்துங்க" என்றார் ஆணையர்.

கோட்டுக்காரர் திருத்தினார். ஊரே பார்க்கத் திரையில் மூக்கு உள்ளே போயிற்று. கோடு கால்வாயோடு நேராய் ஓடியது. பார்க்க எவ்வளவோ அழகாய் இருந்தது, அதுதான் கொடுமை. ஆணையர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏழு, பன்னெண்டு, ரெண்டுக்கும் பிரிவு உறுதியாச்சு. அடுத்தவங்க வாங்க" என்றார்.

அடுத்தவர் பேச ஆரம்பித்தார். கோட்டுக்காரருக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவள் மண்டப வாசலைத் தாண்டுவதைப் பார்த்தார். படியில் ஒவ்வொரு காலாய் வைத்து இறங்கினாள். திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எங்கய்யா போறீங்க?" என்று ஆணையர் கேட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை. சர்வேயர் மெதுவாக நகர்ந்து கணினியின் முன் உட்கார்ந்துகொண்டார்.

அவள் எதிர்ச்சாரியில் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றார். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"பிழை இல்ல" என்றார்.

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதான் போட்டேன். உன்னை அங்க பாக்கணும்னுதான். அது போயிட்டா உன்னை எங்க பாக்கறதுன்னு தெரியல." அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "வரைபடத்தை எங்க தெரு முனையில ஒட்டின அன்னைக்கே தெரியும். இந்த ஊருல அப்படி ஒரு கிறுக்குத்தனம் பண்ண வேற யாரு இருக்கா? சொல்றீங்களான்னு பாத்தேன். தெரியாத மாதிரி பெஞ்சுல கேட்டேன், எழுந்து ஓடினீங்க. சரி, நாலு பேர் நடுவுல கேட்டாலாவது சொல்லுவீங்களான்னு வந்தேன்."

"இப்ப சொல்லிட்டேனே."

"ஆமா. இப்ப அவரு கையெழுத்துப் போட்டாச்சே."

அவள் மறுபடி பேசினாள், கோபமில்லாமல், சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்வது போல.

"ஒரே பிரிவுல இருந்ததால பாத்துக்கிட்டோம்னு நினைச்சீங்களா? அந்த ஆஸ்பத்திரி வாசல்ல தெருவுக்கு ஒரு கிழமைன்னு பலகை மாட்டியிருக்கு, பாத்ததில்லையா? உங்க தெருவுக்குச் செவ்வாய். எங்க தெருவுக்கு வியாழன். ஒவ்வொரு மாசமும் அந்த நர்சுகிட்ட ஒரு பொய்யைச் சொல்லிச் செவ்வாய்க்கிழமை வந்தேன். அக்காவைப் பாத்துக்கணும், தையல் துணி குடுக்கணும், இப்படி. அவளும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டுத்தான் டோக்கன் குடுப்பா. நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உனக்கு ஏன் செவ்வாய்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அந்தப் பலகையில் கிழமைகளை எழுதிக் கொடுத்ததே அவர்தான். தெருக்களைப் பிரித்து, எந்தத் தெருவுக்கு எது என்று வரிசைப்படுத்தியது அவருடைய கைதான். வியாழக்கிழமையில் தண்ணீர்த் தொட்டித் தெரு என்று எழுதினது இப்போது கண்ணுக்கு முன்னால் வந்தது. நிலையத்துக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார். கோடு போட்டு அவளைப் பிடித்து வைத்திருப்பதாய் நினைத்திருந்தார். பிடித்து வைத்திருந்தது யார் என்று அந்த நிறுத்தத்தில்தான் புரிந்தது. வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது, அதுவும் அவருக்குப் பழக்கமில்லை.

"பன்னெண்டுலயும் செவ்வாய்க்கிழமை உண்டா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு அங்க மாத்திரை குடுக்க மாட்டாங்களே" என்றாள்.

தூரத்தில் அவளுடைய பேருந்து தெரிந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் தவித்தார். போகாதே என்று சொல்லலாம். வீட்டுக்கு வா என்று சொல்லலாம். அலமாரியில் உன் பக்கம் காலியாய்த்தான் இருக்கிறது என்று சொல்லலாம். எதுவும் வரவில்லை.

"எந்தக் கால்?" என்றார்.

"என்ன?"

"முட்டி வலின்னியே. எந்தக் கால்?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "இடது" என்றாள். "ரெண்டு வருஷமா."

பேருந்து வந்து நின்றது. அவள் கம்பியைப் பிடித்து வலது காலை முதலில் வைத்தாள், இடது காலை அப்புறமாய் இழுத்துக்கொண்டாள். பிடித்துவிடலாம் என்று அவர் கையை நீட்டினார். கை போய்ச் சேருவதற்குள் அவள் ஏறிவிட்டாள். பேருந்து பாலத்துப் பக்கம் திரும்பியது. எதிர்ப்புறம் போகிற அவருடைய பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.